கிரிசாந்தோவின் முதலிடத்துப் பாட்டு

கிரிசாந்தோ மலபானன் மனிலாப் பக்கத்துப் பத்தாங்காஸ்காரன். அந்த ஊர்க்காரர்கள் "சாப்டாச்சா?" என்று கேட்டாலே அடிக்க வருவது போலிருக்கும். மார்ச் மாதம் எங்கள் கம்பெனியில் சேர வந்தவன் வாசலில் நின்று வணக்கம் சொன்ன சத்தத்தில், முதலாளி மேடம் பிலார் அறையை விட்டு வெளியே வந்து, "யாருக்கும் யாருக்கும் சண்டை?" என்று கேட்டார்.

எங்கள் வேலை லிஃப்ட் பராமரிப்பது. செபு நகரத்து ஓட்டல்கள், ஆஸ்பத்திரிகள், அடுக்குமாடிகள் என்று ஜோடி ஜோடியாகப் போவோம். எனக்கு ஜோடியாக அவனைப் போட்டார்கள். வண்டியில் ஏறியதும் முதல் காரியமாக ரேடியோவைத் திருகினான். ஒரு பாட்டைப் பாதி கேட்டுவிட்டு, "இது வராது குயா" என்றான். வயதில் மூத்தவன் என்பதால் ஈப்பே என்கிற என்னை அன்றைக்கே 'குயா', அதாவது அண்ணன், ஆக்கிவிட்டான்.

"எது எங்க வராது?"

"என் பத்துக்குள்ள."

அப்படித்தான் எனக்கு விஷயம் தெரிந்தது. கல்லூரிக் காலத்திலிருந்து அவனுக்கு ஒரு பழக்கம். வருடம் முடிகிற சமயத்தில், அந்த வருடம் வெளிவந்த பாட்டுகளில் தனக்கு ரொம்பப் பிடித்த பத்தைப் பொறுக்கியெடுத்து, நண்பர்களைக் கூட்டி உட்காரவைத்துப் போட்டுக் காட்டுவான். யாரும் போடச்சொல்லிக் கேட்டதில்லை. யாரும் வேண்டாம் என்று சொன்னதும் இல்லை. எத்தனை பேர் கேட்டார்கள், யார் பாடினார்கள் என்பதெல்லாம் அவனுக்குப் பொருட்டே இல்லை. வேலை செய்யும்போது நன்றாக இருக்கவேண்டும், காய்ச்சலில் சுருண்டு படுத்திருக்கும்போதும் நன்றாக இருக்கவேண்டும். ஒன்றில் தேறி மற்றதில் தோற்றால் வெளியே. பத்தாவதில் தொடங்கி முதலாவதில் முடிப்பான். முதலிடம் எதற்கு என்பதை மட்டும் கடைசி நிமிஷம் வரை பெற்ற தாய்க்குக்கூடச் சொல்லமாட்டான்.

முப்பதைத் தாண்டிய ஆளுக்கு இதென்ன விளையாட்டு என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் அது ஒட்டிக்கொள்கிற வியாதி. கோடை முடிவதற்குள், பன்னிரண்டாவது மாடியில் லிஃப்ட் வடக்கம்பிக்கு எண்ணெய் போட்டுக்கொண்டே, கீழே கடையிலிருந்து ஏறிவரும் பாட்டைக் கேட்டு, "டேய், இது வருமாடா?" என்று நானே கேட்க ஆரம்பித்திருந்தேன். மனிலா பெண்கள் அஞ்சு பேர் சேர்ந்து கத்துகிற ஒரு பாட்டு அவனுக்கு உயிர். எனக்கு அது பாத்திரக் கடையில் பூனை புகுந்த மாதிரி இருந்தது. அதற்காக ஒரு வாரம் சண்டை போட்டோம்.

ஆபீஸில் புகார் போனை எடுப்பவள் துல்சே. செபுக்காரி. முப்பது வயதிருக்கும். அப்பா இல்லை, அம்மாவும் தம்பியும் இருக்கிறார்கள். யாராவது லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டு அலறினால் அவள் குரல்தான் முதலில் போய்ச் சேரும். "சார், பயப்படாதீங்க. கதவப் பிடிச்சு இழுக்காதீங்க. கூட யாரு இருக்காங்க? உங்க மாமியாரா? ரொம்ப நல்லது. ரெண்டு பேருமா சேந்து ஒரு பாட்டுப் பாடுங்க. பாடி முடிக்கறதுக்குள்ள எங்க ஆளுங்க வந்து நிப்பாங்க." நாங்கள் போய்க் கதவைத் திறக்கும்போது உள்ளே நிஜமாகவே பாடிக்கொண்டிருப்பார்கள். ஒரு தடவை ஒரு வங்கி மேலாளர் கதவு திறந்த பிறகும் பாட்டை நிறுத்தவில்லை. கிரிசாந்தோ அன்றைக்கு விழுந்தவன்தான்.

விழுந்தான் என்பது துல்சேயைத் தவிர எல்லோருக்கும் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தோம். அவளுக்கும் தெரிந்திருந்தது. செப்டம்பரில் ஒரு மத்தியானம், ஆபீஸுக்குப் பின்னால் இருக்கும் கடையில், ஓலைக்குள் கட்டி அவித்த சோற்றைப் பிரித்துக்கொண்டிருந்தபோது அவளிடம் கேட்டுவிட்டான். அவனுக்கு மெதுவாகப் பேச வராது. கடையில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்களாம். அவள் "சாயங்காலம் சொல்றேன்" என்று எழுந்து வந்துவிட்டாள். என்ன சொன்னாள் என்று எங்களுக்குத் தெரியாது. மறுநாள் காலை அவன் சிரித்த முகத்தோடு வந்தான். நான் எதுவும் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு பார்த்ததை மட்டும் சொல்கிறேன். துல்சே வீட்டிலிருந்து அவனுக்குச் சாப்பாடு எடுத்துவர ஆரம்பித்தாள். அவனுக்கு ஒரு நாள் கையில் கம்பி கீறியபோது, போனைக் கீழே வைத்துவிட்டு ஓடிவந்து தானே கட்டுப்போட்டாள். அந்த நேரம் லிஃப்டில் மாட்டிக்கொண்டவன் கதி என்ன ஆனதோ. அவனைப் பார்க்கிற பார்வையில் ஒரு மரியாதை இருந்தது. ஏதோ பெரிய தியாகம் செய்தவனைப் பார்ப்பது போல. அதுதான் எனக்குக் கொஞ்சம் புரியவில்லை. காதலிக்கிறவனை யாராவது அப்படிப் பார்ப்பார்களா? என் மனைவி என்னை ஒரு நாளும் அப்படிப் பார்த்ததில்லை.

இன்னொன்று. அந்தச் சமயத்தில் செபுவானோ பாஷையில் ஒரு பாட்டு வந்திருந்தது. எங்கள் ஊர்ச் சின்னப்பெண் ஒருத்தி கிதாரை மட்டும் வைத்துக்கொண்டு பாடியது. ஷேர் ஜீப்னிகளில், கடைகளில், எங்கே போனாலும் அதுதான். வண்டியில் அது வந்தால் கிரிசாந்தோ சத்தத்தைக் கூட்டி, கண்ணை மூடி, சாய்ந்துகொள்வான்.

"இது வருமாடா?"

"பேசாதீங்க குயா."

நானும் பேசவில்லை. அங்கேதான் தப்பு நடந்திருக்கிறது. ஆபீஸில் எல்லோரும் அவனிடம் தகாலோகில்தான் பேசினோம். செபுக்காரர்கள் அப்படித்தான். வந்தவன் நம் பாஷையில் தடுமாறுகிறான் என்றால் அவன் பாஷைக்கு மாறிவிடுவோம். பிறகு வீட்டுக்குப் போய் அலுத்துக்கொள்வோம். அதனால் அவனுக்குச் செபுவானோ ஒட்டவே இல்லை. சாப்பாட்டின் பெயர்கள், 'இல்லை', 'போகலாம்', 'அப்புறம்' என்று பத்து இருபது வார்த்தைதான். ஒரு பாட்டில் அவனுக்கு எது புரிகிறது, எது புரியவில்லை என்று யாரும் யோசிக்கவில்லை. ரசிக்கிறான், அவ்வளவுதான்.

கிறிஸ்துமஸுக்கு முந்தைய ஞாயிறு, கம்பெனி விருந்து. லிலோவான் கடற்கரையில் ஒரு கூரைப் பந்தல் எடுத்திருந்தோம். மத்தியானச் சாப்பாட்டுக்கு முழுப் பன்றி சுட்டு வந்திருந்தது. தின்று முடித்து ஆளாளுக்குச் சரிந்து உட்கார்ந்திருந்த நேரத்தில் கிரிசாந்தோ தன் ஸ்பீக்கரை மேஜைமேல் வைத்தான்.

"ஐயோ, ஆரம்பிச்சிட்டான்" என்றான் திபோய். எங்கள் கூட்டத்தில் வாய் அதிகம் அவனுக்குத்தான். "டேய், பத்தும் முழுசாவா போடப்போற? பன்னிக்கறி செரிச்சு மறுபடி பசிக்குமேடா."

"பேசாம கேளு. உனக்குக் காது எதுக்கு இருக்கு?"

"ஹெல்மெட் நழுவாம இருக்க."

பத்தாவது பாட்டு தொடங்கியது. ஒவ்வொன்றுக்கும் முன்னால் எழுந்து நின்று நாலு வரி சொல்வான். "இத முதல்ல கேட்டப்போ பிடிக்கவே இல்ல. ஜூலைல அம்மா ஆபரேஷனுக்கு ஊருக்குப் போனேன்ல, பஸ் டிரைவர் இதையே திருப்பித் திருப்பிப் போட்டாரு. இறங்கறப்போ என் பாட்டாயிருச்சு." அது ஏழாவது. ஆறாவதைப் பாடிய பையன் உச்சத்தில் சுதி தவறுகிறான். அந்தத் தவறுக்காகவே அதைப் பிடிக்கும் என்றான். பாத்திரக்கடைப் பூனை இரண்டாவது இடத்துக்கு வந்தபோது நான் எழுந்து போவது போல நடித்தேன். மேடம் பிலார் கையைத் தட்டிக்கொண்டு ஆடினார். கேலி செய்ய உட்கார்ந்தவர்கள்கூடக் கேட்க ஆரம்பித்திருந்தார்கள். ஒரு மனுஷனுக்குப் பிடித்தது ஏன் பிடித்தது என்று அவன் வாயால் கேட்பது நாம் நினைப்பதைவிட நன்றாகத்தான் இருக்கிறது.

முதலாவதுக்கு முன் அவன் தண்ணீர் குடித்தான். துல்சே பந்தலின் ஓரத்தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அவன் அவளைப் பார்க்கவில்லை. பார்க்காமலிருப்பதே எல்லோருக்கும் தெரிந்தது.

"இந்தப் பாட்டு எனக்கு ஒருத்தங்க அனுப்புனது" என்றான்.

"ஓஹோ!" என்று பந்தல் முழுக்கக் கத்தியது.

"நான் அவங்ககிட்ட ஒண்ணு கேட்டேன். அதுக்குப் பதில் இந்தப் பாட்டுல இருக்குன்னு அனுப்புனாங்க. எனக்குச் செபுவானோ சரியா வராது. ஆனா இது புரிஞ்சுது. ஒரு சின்ன எறும்பு. ஜன்னல்ல வருது. ஒரு மணி அரிசி எடுக்குது. எதுக்க கடல் இருக்கு. அத்தனூண்டு எறும்பு கடல்கிட்ட நிக்குது, பாருங்க. ஆனா திரும்பி வரும். மெதுவா, மெதுவா, அரிசிய விடாம... வந்துரும். இவ்வளவு அழகா ஒருத்தரும் எனக்கு 'கொஞ்சம் பொறு'ன்னு சொன்னதில்ல."

மேடம் பிலார் திரும்பி என்னைப் பார்த்தார்.

"எறும்பா?" என்றான் திபோய்.

"ஆமா. லங்கம்."

அவ்வளவுதான். திபோய் மேஜையில் தலையை முட்டிக்கொண்டு சிரித்தான். மேடம் பிலாருக்குப் புரையேறியது. நானும் சிரித்தேன், பொய் சொல்லமாட்டேன். 'லங்கம்' என்றால் தகாலோகில் எறும்பு. எங்கள் பாஷையில் பறவை. இதை வைத்து இங்கே ஆயிரம் ஜோக் உண்டு, பள்ளிக்கூடப் பிள்ளைகள்கூடச் சொல்வார்கள். அதனாலேயே நிஜமாக ஒருவன் அதில் போய் விழுவான் என்று எங்களில் யாருக்கும் தோன்றவில்லை.

"தம்பி, அது பறவைடா!" திபோய் கண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னான். "பறவை! கடலத் தாண்டிப் பறந்து போகுது! உன் எறும்பு எங்கடா போகும், சர்க்கரை டப்பாக்கா?"

கிரிசாந்தோவும் முதலில் சிரித்தான், எல்லோரும் சிரிக்கிறார்களே என்று. பிறகு துல்சேயைப் பார்த்தான். அவள் முகத்தில் ஒரு துளி ரத்தமில்லை. எழுந்து மணலில் இறங்கிக் கடல் பக்கம் நடந்துபோனாள். ஸ்பீக்கரில் பாட்டு ஓடிக்கொண்டே இருந்தது. யாரோ அதை நிறுத்தினார்கள்.

நான்தான் பின்னால் போனேன். கரையில் ஏற்றிவைத்திருந்த ஒரு படகின் பக்கக் கட்டையில் உட்கார்ந்திருந்தாள்.

"இண்டாய், என்னம்மா?" என்றேன், தங்கச்சியைக் கூப்பிடுவது போல.

"குயா ஈப்பே, எனக்குக் கப்பல்ல வேல கிடைச்சிருக்கு. பெரிய உல்லாசக் கப்பல். வரவேற்பு மேஜைல. ஜனவரியில ஏறணும்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆபீஸில் ஒருவருக்கும் தெரியாது. கைகூடாமல் போனால் அவமானம் என்று அவள் அம்மாவைத் தவிர யாரிடமும் மூச்சுவிடவில்லையாம். செப்டம்பரில் அவன் கேட்டபோதே ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டிருந்தாள். முடியாது என்று முகத்துக்கு நேராகச் சொல்ல மனசு வரவில்லை. அதனால் பாட்டை அனுப்பியிருக்கிறாள். ஜன்னலுக்கு வந்த குட்டிப் பறவை, கையிலிருந்து ஒரு மணி அரிசியை எடுத்துக்கொள்கிறது, எதிரே கடல், அது திரும்பி வருமா என்று கேட்டு முடிகிறது பாட்டு. வருமா என்ற கேள்வியில் 'வரும்' மட்டும் அவன் காதில் விழுந்திருக்கிறது.

"நான் போறேங்கறதத்தான் அதுல சொன்னேன் குயா. அவர் கோவிச்சுக்குவாரு, இல்லாட்டி பேசாம ஒதுங்கிடுவாருன்னு நினைச்சேன். என்ன பதில் போட்டாரு தெரியுமா? 'எவ்வளவு நாளானாலும் சரி. ஜன்னலத் திறந்தே வெச்சிருப்பேன்'னு போட்டாரு. நான் அழுதுட்டேன். ஒரு ஆம்பள, தன்ன விட்டுட்டுப் போறவளுக்கு இப்படி ஒரு வார்த்த சொல்வானா? அன்னிக்குத்தான் எனக்கு அவர் மேல... அதுக்கு முன்னாடி ஒண்ணுமே இல்ல. நெஜமா. நவம்பர்ல ஏற வேண்டியது, காரணம் சொல்லித் தள்ளிப்போட்டேன், இன்னும் கொஞ்ச நாள் இருக்கலாம்னு."

"இப்ப?"

"இப்ப அந்த ஆளே இல்லையே குயா. எறும்புக்கில்ல பதில் சொல்லியிருக்காரு."

நான் லிஃப்ட் மெக்கானிக். சிக்கிக்கொண்டால் எந்தப் பக்கம் தூக்கவேண்டும் என்று தெரியும். இதில் எந்தப் பக்கம் மேலே, எந்தப் பக்கம் கீழே என்றே புரியவில்லை. அவளுக்கு அவனைப் பிடித்துப்போனது நிஜம். பிடித்துப்போன காரணம் பொய். காரணம் பொய்யானால் பிடித்தது என்ன ஆகும்?

அதற்குள் கிரிசாந்தோ மணலில் தடுக்கித் தடுக்கி வந்து நின்றான். யாரோ அவனுக்குப் பாட்டை முழுசாகச் சொல்லியிருக்கிறார்கள்.

"எங்க போறீங்க?" என்றான் அவளிடம்.

துல்சே பதற்றத்தில் தகாலோக் மறந்துபோய், எங்கள் பாஷையிலேயே, "எனக்கு ஒரே லிபோக்" என்றாள்.

அவன் முகம் காதுவரை சிவந்தது. ஓர் அடி பின்னால் போனான். 'லிபோக்' என்றால் எங்களுக்குக் குழப்பம். அவன் ஊரில் அந்தச் சொல்லைப் பெண்கள் நடுப்பகலில் ஆண்களிடம் சொல்லமாட்டார்கள். உடம்பின் ஆசையைக் குறிக்கிற சொல் அது.

"டேய், குழம்பிப் போயிருக்காளாம்டா! குழப்பம்! வேற ஒண்ணுமில்ல!" என்று நான் கத்தினேன்.

இருவரும் என்னைப் பார்த்தார்கள். அடுத்து துல்சே சிரித்தாள், சிரிப்பு பாதியில் அழுகையாகிவிட்டது. கிரிசாந்தோ அவளுக்குக் கைக்குட்டை கொடுப்பதா வேண்டாமா என்று அதைச் சட்டைப்பையிலிருந்து எடுத்து, வைத்து, மறுபடி எடுத்து, கடைசியில் தன் முகத்தையே துடைத்துக்கொண்டான். நான் பந்தலுக்குத் திரும்பிவிட்டேன். அவர்கள் பேசிக்கொண்டார்களா என்று தெரியாது. சேர்ந்து திரும்பி வரவில்லை.

அந்த வாரம் வண்டியில் அவன் ரேடியோவைத் தொடவே இல்லை. ஒரு நாள் ஆஸ்பத்திரி ஒன்றின் வாசலில் வண்டியை நிறுத்தச் சொல்லி, "குயா, எனக்கு அந்தப் பாட்ட வரி வரியா சொல்லுங்க" என்றான். போட்டுவிட்டு வரிக்கு வரி நிறுத்தி நான் தகாலோகில் சொன்னேன். அவன் கேட்டான். மறுபடி முதலிலிருந்து போட்டான்.

"நல்ல பாட்டு" என்றான்.

"ஆமா."

"என் பாட்டுதான் இன்னும் நல்லாருந்துது."

"உன் பாட்டுன்னு ஒண்ணு இல்லடா."

"இருந்துச்சு குயா. மூணு மாசம் கேட்டேனே. குரல் அதேதான், மெட்டு அதேதான், கிதாரும் அதேதான். இப்பக் கேட்டா எனக்குப் பறவையும் தெரியல, எறும்பும் தெரியல. எத முதல்ல வெச்சேன்னே தெரியல. எனக்குப் பிடிச்சது பாட்டா, அவங்க அனுப்புனதா, நானே கட்டிக்கிட்டதா?"

"அவளையே கேளு."

"அவங்கள என்ன கேக்கறது? முடியாதுன்னு சொல்லத்தான் அனுப்புனாங்க."

"அப்புறம் மனசு மாறிட்டாடா!"

"யாருக்காக மாறினாங்க? ஜன்னலத் திறந்து வெச்சிருக்கேன்னு சொன்னவனுக்காக. எறும்பு வர்றதுக்கு ஜன்னலத் திறந்து வெக்கறது ஒரு பெரிய விஷயமா குயா?"

ஆஸ்பத்திரிக்காரர்கள் எங்களைத் தேடிக்கொண்டிருந்தார்கள்; உள்ளே போய் வேலையைப் பார்த்தோம்.

அவர்கள் இருவரும் ஒழுங்காகப் பேசிக்கொண்டது புது வருஷம் பிறந்து இரண்டாவது வாரத்தில், ஆபீஸில், பட்டப்பகலில், என் எதிரிலேயே. நான் சாமான் அலமாரிக்குப் பக்கத்தில் இருந்தேன். அவர்கள் என்னைக் கணக்கிலேயே எடுத்துக்கொள்ளவில்லை.

"ஒண்ணு கேக்கறேன், நெஜத்தச் சொல்லுங்க" என்றாள் துல்சே. "அது பறவைன்னு அன்னிக்கே தெரிஞ்சிருந்தா எனக்கு என்ன பதில் போட்டிருப்பீங்க?"

கிரிசாந்தோ யோசித்தான். வேறு யாராக இருந்தாலும் அந்த இடத்தில், அதேதான் போட்டிருப்பேன் என்று சொல்லித் தப்பித்திருப்பான்.

"கோவம் வந்திருக்கும்" என்றான். "பதிலே போட்டிருக்க மாட்டேன். வேற ஊருக்கு மாத்தல் கேட்டிருப்பேன்."

அவள் தலையசைத்தாள். பதில் சொல்ல வாயைத் திறந்தபோது புகார் போன் அடித்தது. எடுத்தாள்.

"சார், பயப்படாதீங்க. எந்தக் கட்டடம்? கூட யாரு? தனியாவா? சரி, பாட்டு ஒண்ணு... வேண்டாமா? சரி சார், பாட வேண்டாம். உங்க குழந்தைங்க பேரச் சொல்லுங்க, ஒவ்வொண்ணா..." சொல்லிக்கொண்டே கையால் வாசலில் நின்ற திபோயைப் போகச்சொல்லிச் சைகை காட்டினாள். அந்த ஆள் தன் ஆறு பிள்ளைகளின் பெயரையும் சொல்லி, ஒவ்வொருவரும் என்ன படிக்கிறார்கள் என்பதையும் சொல்லி முடிக்கும்வரை கிரிசாந்தோ நின்ற இடத்திலேயே நின்றான்.

போனை வைத்துவிட்டு அவள் சொன்னாள்: "நீங்க கோவப்பட்டிருந்தா நான் நவம்பர்லயே போயிருப்பேன். சந்தோஷமா போயிருப்பேன். இப்ப சந்தோஷமாவும் போக முடியல, இருக்கவும் முடியல."

"போகாதீங்கன்னு சொல்லணுமா நான்?"

"தெரியல."

"போங்கன்னு சொல்லணுமா?"

"அதுவும் தெரியல."

"எனக்கும் தெரியல" என்றான் அவன். பிறகு, "ஒண்ணு மட்டும் தெரியுது. இனிமே பாட்டு அனுப்பாதீங்க. எதுவா இருந்தாலும் வாயால சொல்லுங்க. புரியலைன்னா நான் திருப்பிக் கேக்கறேன்" என்றான்.

"சரி" என்றாள். அந்தச் சரி எதற்கு என்று எனக்கு இன்றுவரை தெளிவாகவில்லை.

ஜனவரிக் கடைசியில் அவள் போனாள். அம்மாவையும் அவளையும் கம்பெனி வண்டியில் மக்தான் விமான நிலையத்துக்கு நான்தான் கூட்டிப்போனேன். கிரிசாந்தோ பெட்டிகளைத் தூக்க என்று சொல்லிக்கொண்டு கூட வந்தான். வாசலில் அவள் அம்மாவைக் கட்டிக்கொண்டாள், என் கையைப் பிடித்தாள், அவன் முன்னால் வந்து நின்றாள். "போயிட்டு வரேன்" என்று எங்கள் பாஷையில் சொல்லி, உடனே தகாலோகிலும் சொன்னாள். அவன், "முதல் தடவையே புரிஞ்சுது" என்றான்.

திரும்பும் வழியில் அந்த அம்மா என் பக்கம் சாய்ந்து ரகசியமாகக் கேட்டார்: "இந்தப் பையன் என் பொண்ணுக்கு என்ன வேணும்?"

"எனக்குத் தெரியாதுங்க. அவங்களுக்கே தெரியும்னு தோணல."

"பேசினா ஏன் சண்டைக்கு வர்ற மாதிரி பேசறான்?"

"அது அவங்க ஊர்ப் பேச்சு. மனசுல ஒண்ணும் இல்ல."

அதற்குப் பிறகு மாதங்கள் ஓடின. கப்பல் கரையில் நிற்கும் நாட்களில் அவள் கூப்பிடுவாள். வண்டியிலிருந்தபடியே அவன் பேசுவான். நான் வெளியே பார்ப்பது போலப் பாவனை செய்வேன். காதல் பேச்சு ஒன்றும் காதில் விழாது. பனிமலை பார்த்தாளாம், வரவேற்பு மேஜையில் ஒரு கிழவர் தினமும் வந்து இது எந்தக் கப்பல் என்று கேட்கிறாராம், சோறு சரியில்லையாம். அவன் ஆபீஸ் கதைகளைச் சொல்வான். இடையிடையே, "அப்படின்னா என்ன? திருப்பிச் சொல்லுங்க" என்பான். சில நாள் அவளும் அப்படிக் கேட்பாள். போனை வைத்தபின் ஒரு நாள் உற்சாகமாக இருப்பான், ஒரு நாள் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வான், காரணம் கேட்டால் இரண்டுக்கும் "தெரியல குயா" என்பான். மேடம் பிலார் அவனுக்கு மனிலாவில் ஒரு மேற்பார்வையாளர் வேலை வாங்கித் தருவதாகச் சொன்னார், ஊருக்குப் பக்கம். வேண்டாம் என்றான். ஏன் என்று கேட்டதற்கு, செபு காற்று ஒத்துக்கொள்கிறது என்றான். அவனுக்கு வருஷம் பூரா ஜலதோஷம்.

துல்சே அக்டோபரில் இறங்கினாள். அழைத்துவர மறுபடி நாங்கள் மூவரும் போனோம். அவள் கொஞ்சம் இளைத்திருந்தாள், முடியைக் குட்டையாக வெட்டியிருந்தாள். அம்மாவிடம் ஓடிவந்தாள். பிறகு கிரிசாந்தோவைப் பார்த்து நின்றாள். அவன் கையை நீட்டப்போனான். அவள் கட்டிக்கொள்ள வந்தவள் போலிருந்தது, கையைப் பார்த்து நிறுத்தி அவளும் கையை நீட்டினாள். அதற்குள் அவன் கையை இறக்கிவிட்டான். இருவரும் அப்படியே நின்றார்கள். அந்த அம்மாதான் மகளின் பெரிய பெட்டியை இழுத்துவந்து, ஒரு வார்த்தை பேசாமல், அதன் கைப்பிடியை அவன் கையில் வைத்தார்.

வண்டியில் அம்மா முன்னால் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டார். பின் இருக்கை அவர்கள் இருவருக்கும். பாலத்தில் நெரிசல், வண்டி நகரவில்லை.

"பேசிக்கறாங்களா?" என்று அம்மா உதடசைத்தார்.

கண்ணாடியில் பார்த்தேன். "இன்னும் இல்ல" என்று நானும் உதடசைத்தேன்.

கொஞ்ச நேரம் கழித்து துல்சே எங்கள் பாஷையில் ஏதோ கேட்டாள். கிரிசாந்தோ எங்கள் பாஷையிலேயே பதில் சொன்னான், தப்புத் தப்பாக, பத்தாங்காஸ் தொண்டையில். பக்கத்து ஜீப்னிக்காரன் திரும்பிப் பார்த்தான். அவள் திருத்தினாள். அவன் மறுபடி சொன்னான். அதிலும் ஒரு பிழை இருந்தது. அவள் அதைத் திருத்தவில்லை. நான் இன்னும் நன்றாகப் பார்க்கக் கண்ணாடியைக் கொஞ்சம் சாய்த்தேன்.

"போதும்" என்றார் அந்த அம்மா. "ரோட்டப் பாத்து ஓட்டுங்க."